பேர் போட்ட கருமாதிக் கார்டு

தன் பேர் அச்சடித்த காகிதத்தை எந்த மனுஷனும் கிழித்துப் போட மாட்டான் என்று அந்த சாஃப்ட்வேரை விற்க வந்த ஆள் சொன்னான். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுச் சொக்கிப் போனார். வாயுள்ளவன் எவன் வந்து எதைச் சொன்னாலும் அவர் இப்படித்தான், முதலில் தலையை ஆட்டிவிட்டுப் பிறகுதான் யோசிப்பார். நான் கல்லாவில் உட்கார்ந்து முறைத்துப் பார்த்தேன். முறைத்து என்ன ஆகப் போகிறது, அன்று சாயங்காலமே கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது.

எங்களுக்கு ராஜபாளையத்தில் சின்னதாக ஒரு அச்சகம். பக்கத்திலேயே சிவகாசியை வைத்துக்கொண்டு இங்கே அச்சகம் நடத்த ஒரு தைரியம் வேண்டும். ஆயிரக்கணக்கில் அடிக்கிற வேலை என்றால் ஜனங்கள் நேராக அங்கேதான் பஸ் ஏறுவார்கள். எங்களுக்கு மிஞ்சுவது மில் ஆட்களின் ஐ.டி. கார்டு, பள்ளிக்கூடத்து அட்டை, காதுகுத்து, சடங்கு, கருமாதி என்று கொஞ்சம் கொஞ்சமாக வருகிற வேலைகள். அந்த வகையில் சாஃப்ட்வேர் எங்களுக்குக் கைகொடுத்தது என்பதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். விஷயம் ரொம்பச் சுலபம். கார்டை ஒரே ஒரு தடவை டிசைன் செய்து, பேர் வர வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட வேண்டும். பேர்களை எக்ஸெலில் அடித்துக் கொடுத்தால், மெஷினிலிருந்து வெளியே வருகிற ஒவ்வொரு கார்டிலும் ஒரு வீட்டாரின் பேர் விழும். உறையில் பேனாவால் எழுதுகிற வேலை கிடையாது. கார்டுக்குள்ளேயே, மாப்பிள்ளை பெண் படத்துக்குக் கீழேயே, கூப்பிடப்படுகிறவர் பேரும் அவர் வீட்டில் உள்ளவர்கள் பேரும் தங்க நிறத்தில் இருக்கும்.

போன வருஷம் மம்சாபுரத்தில் இருக்கிற என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அந்தக் கார்டைத்தான் நாங்கள் முதன்முதலில் அப்படி அடித்தோம். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் வீட்டுப் பேர்களையும், குழந்தை குட்டி உட்பட, அண்ணன் பெண்டாட்டி மதினி சொல்லச் சொல்ல நான்தான் எக்ஸெலில் ஏற்றினேன். கார்டு போன இடமெல்லாம் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். சோழபுரத்தில் ஒரு வீட்டில் அதை லேமினேட் செய்து டிவிக்கு மேலே மாட்டியிருந்ததை நானே பார்த்தேன். விற்க வந்தவன் சொன்னது சரிதான் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த எக்ஸெலில் ஒரு வீட்டுப் பேர் மட்டும் இல்லை. அது என் அக்கா வீடு. அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தாள். எங்கள் ஆட்கள் இல்லாத ஒருவரைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டவள். அவர் டூவீலர் ஒர்க் ஷாப் வைத்திருந்தார், தங்கமான மனுஷன். ஆனால் அன்றைக்கு அறுந்த பேச்சு அறுந்ததுதான், அண்ணன் அவள் வாசலை மிதிக்கவில்லை. எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்களும் அண்ணனைப் பார்த்து அவளிடமிருந்து ஒதுங்கிக்கொண்டார்கள். கல்யாணத்தின்போது நான் கேட்டேன், சண்டையே போட்டேன். "அவளப் பத்திப் பேசுறதா இருந்தா நீயும் வராத" என்றான் அண்ணன். அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இந்த வருஷம் அத்தான் இறந்துபோனார். ஒர்க் ஷாப்பில் ஒரு வண்டிக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. பிள்ளை இல்லாத வீடு. அன்றைக்கு எங்கள் பக்கத்திலிருந்து போனது நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். அக்காவின் பிறந்த வீட்டார் எங்கே என்று அந்தத் தெருப் பெண்கள் என் காது படவே கேட்டுக்கொண்டார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நான் கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு அக்காவோடு தங்கிவிட்டேன். அக்கா சாப்பிடவில்லை, பேசவுமில்லை. வயசான பெண்கள் இரண்டு பேர் அவள் பொட்டை அழிக்க வந்தபோது மட்டும் வாயைத் திறந்தாள். "என் நெத்திய யாராவது தொட்டா நடக்கிறதே வேற" என்றாள். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்கள். என் அக்காவா கொக்கா என்று எனக்கு அந்தத் துக்கத்திலும் ஒரு பெருமை வந்தது.

அந்த வாரக் கடைசியில் அண்ணனிடமிருந்து எனக்குப் போன் வந்தது.  "பதினாறுக்கு நானே கோடி எடுத்துட்டு வாரேன். அவகிட்டச் சொல்லிரு" என்று வைத்துவிட்டான்.

புருஷனை இழந்தவளுக்குப் பதினாறாம் நாள் காரியத்தில் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வரும். கூடப் பிறந்தவன் அதைத் தன் கையால் அவள் தோளில் போடுவான். அதுதான் கோடி. அண்ணன் சொன்னதை நான் சொன்னதும் அக்கா என் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தானே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டாள்.

நான் கேட்டேன், "பொட்டு அழிக்கிறது, அது இதெல்லாம் வேண்டாங்கிற. கோடி மட்டும் எதுக்குக்கா?"

"ஏட்டி, சேலைக்காகவா கேக்கேன்? எங்கிட்ட இல்லாத சேலையா? அதக் கொண்டாந்து போடணும்னா அண்ணன் இந்த வாசப்படி ஏறி வரணும்ல. இந்தத் தெரு பாக்கணும். எனக்குப் பின்னால ஆளு இருக்குன்னு இவிய எல்லாரும் பாக்கணும். பொறவு அவன் பேசாட்டியும் போகட்டும்" என்றாள்.

அன்றைக்கு முதல் வீட்டில் ஒரு உயிர் வந்தது. அண்ணன் வந்தால் உட்கார நல்ல நாற்காலி வேண்டும் என்றாள். அவனுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள். இருக்கிறது என்றேன். அதுகூடத் தனக்குத் தெரியவில்லையே என்று அழுதாள். நானும் அழுதேன்.

கருமாதிக் கார்டு அடிக்க அத்தானின் தம்பி விவரங்களை என் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நம் கடைதானே, அவர் பார்த்துக்கொள்வார் என்று நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. எங்கள் ஊர்களில் கருமாதிக் கார்டில் யாரையும் பேர் சொல்லி அழைப்பதில்லை. துக்கத்துக்குச் சேதி சொல்வோம், அழைக்க மாட்டோம். கறுப்பு பார்டர், இறந்தவர் படம், 'அன்புடையீர்' என்று பொதுவாக ஒரு சொல், தேதி, இடம், அவ்வளவுதான். கொண்டுவருகிறவர் வாசலில் நின்றே கொடுப்பார். போய்ட்டு வாரேன் என்று சொல்லாமல் திரும்பிப் போவார். வாங்கியவர் நின்ற இடத்திலேயே படித்து, நாளை மனதில் வைத்துக்கொண்டு, கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

பதினாறுக்கு மூன்று நான்கு நாள் இருக்கும்போது காலையில் மதினி போன் செய்தாள். எடுத்ததும் அழுகைதான்.

"நீங்கள்லாம் நல்லா இருப்பியளா? எம்மவ பேரை அந்தப் படத்துக்குக் கீழ போட்டிருக்கியளே. எட்டாம் மாசம் வயித்துப் புள்ளயோட நிக்கா. வாசல்ல அவ கையிலயே குடுத்துட்டுப் போயிருக்கான் உங்க ஆளு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன மதினி சொல்லுதிய, எந்தப் பேரு?" என்றேன்.

"எங்க எல்லார் பேரும்தான். உங்க அண்ணன் பேரு, எம்பேரு, எம்மவ பேரு, மருமகன் பேரு. கறுப்புக் கட்டத்துக்குள்ள, தங்கக் கலர்ல. படிச்சதுலருந்து அவ எந்திரிக்கவே இல்ல. சொவத்தப் பாத்துப் படுத்துக் கெடக்கா."

நான் அடுத்த பஸ்ஸில் ராஜபாளையத்துக்குப் போனேன். கடை வாசலில் ஏற்கெனவே ஆட்கள் நின்றார்கள், எல்லாரும் எங்கள் சொந்தக்காரர்கள். அவரவர் கையில் ஒரு கார்டு. ஒருத்தர்கூடக் கடைக்குள் வரவில்லை. சோழபுரத்துச் சித்தப்பா என்னைப் பார்த்ததும் கார்டை நீட்டினார். "கிழிக்கலாம்னு எடுத்தேன் தாயி. எம்பேரும் பேரன் பேரும் இருக்கு. எப்படிக் கிழிக்க? அதுக்காக வீட்டுக்குள்ள கொண்டு போக முடியுமா? ராத்திரி பூரா வண்டிப் பெட்டிக்குள்ளயே கெடந்துச்சு" என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். பயந்துபோய்ச் சொன்னார்.

உள்ளே என் வீட்டுக்காரர் ஸ்கேலும் கட்டரும் வைத்துக்கொண்டு கார்டுகளிலிருந்து பேர்களை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். பேரை மட்டும் வெட்டித் தந்தால் மிச்சத்தைத் தாங்களே கிழித்துக்கொள்வதாக யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். வெட்டிக் கொடுத்த துண்டுகளைச் சிலர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். சிலர் அதையும் தொடப் பயந்து போய்விட்டார்கள், அந்தத் துண்டுகள் மேஜையிலேயே கிடந்தன. அவரைப் பார்த்து எனக்கு அப்போது பாவம் என்றெல்லாம் தோன்றவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, உங்களுக்குக் கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா? எத்தன கருமாதிக் கார்டு அடிச்சிருக்கிய இந்தக் கையால?"

அவர் தலை நிமிராமல் சொன்னார். "தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன். சாவன்னைக்கு உங்க ஆளுக ஒருத்தரும் வரலை. கேட்டா எனக்குச் சேதி வரலைம்பாங்க. கடையில வச்சு எத்தன பேரு எங்கிட்ட அப்படிச் சொன்னாங்க தெரியுமா? பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டா பதினாறுக்காவது தப்பிச்சுக்க முடியாதுல்ல. உங்க அக்கா அன்னைக்குத் தனியா உக்காந்திருந்தது எனக்குப் பொறுக்கல."

கல்யாணத்துக்கு நான் அடித்து வைத்த அதே எக்ஸெலை எடுத்திருக்கிறார். அதில் இல்லாத அண்ணன் வீட்டுப் பேர்களை, அண்ணன் வருவதாகச் சொல்லிவிட்டானே என்ற சந்தோஷத்தில், தன் கையாலேயே முதல் வரியில் சேர்த்திருக்கிறார்.  கெட்ட எண்ணத்தோடு ஒருத்தன் செய்திருந்தால் சட்டையைப் பிடிக்கலாம். இவரை என்ன செய்வது? ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நானும் பேர்களை வெட்ட ஆரம்பித்தேன்.

சாயங்காலம் மம்சாபுரத்துக்குப் போனேன். அண்ணன் கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து எழவுமில்லை, வா என்று சொல்லவுமில்லை. நானே உள்ளே போய் அவன் எதிரில் நின்றேன்.

"சேல எடுத்து வச்சுட்டேன்," என்றான். "மாம்பழக் கலரு, அரக்கு பார்டரு. வெள்ளை எடுக்க மனசு வரல. கடைக்காரன் கோடிக்கா இதுன்னு கேட்டான். ஆமான்னேன்."

"பொறவு என்னண்ணே, வாங்க. அந்தக் கார்டுல இருந்த பேரையெல்லாம் வெட்டி எடுத்தாச்சு. அவரு தெரியாம செஞ்சிட்டாரு. நீங்க வந்தாப் போதும், அக்கா உங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கா."

மதினி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இந்த வீட்லருந்து யாரும் அந்தப் பந்தலுக்குப் போகக் கூடாது. நான் உயிரோட இருக்க வரைக்கும் விடமாட்டேன்" என்றாள். அவளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் கண் எல்லாம் வீங்கியிருந்தது.

அண்ணன் மகள் அவளுக்குப் பின்னால் வந்து நின்றாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை வயிற்றில். "அப்பா, நீங்க போங்கப்பா. அத்தை பாவம். எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள்.

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றில் அவள் கை இருந்த இடத்தைப் பார்த்தான். போதும், எனக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு இதுல நம்பிக்கை இருக்கா இல்லையாங்கிறது பேச்சு இல்லம்மா," என்றான் என்னிடம். "நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா, நான் போனதுனாலதான்னு இந்த வீடு பேசும். பேசாட்டியும் நான் நெனைப்பேன். இவ மூஞ்சில நான் எப்படி முழிக்க?"

"சேலயயாவது குடுங்க. நான் கொண்டு போய்ப் போடுதேன்."

"நீ போட்டா அது கோடியா? நீ இன்னொரு வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போனவ." அவன் மறுபடியும் மகள் பக்கம் பார்த்தான். "புள்ள பெறட்டும். பொறவு நானே போய் அவளப் பாக்கேன்."

பிறகு என்ன பிறகு. பதினாறு முடிந்தால் கோடிக்கு ஏது நாள். அதை அவனிடம் கத்திச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவன் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

அக்காவிடம் எதையும் மறைக்கவில்லை. கார்டு விஷயம், மதினி சொன்னது, சேலை நிறம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "மாம்பழக் கலரா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "வருவான். எடுத்து வச்சுட்டான்ல, வருவான்" என்றாள். அதையே மறுநாளும் சொன்னாள். எனக்கும் ஒரு மூலையில் அப்படித்தான் இருந்தது. மனசு மாற எவ்வளவு நேரம் ஆகும், மம்சாபுரம் என்ன காசியிலா இருக்கிறது.

பதினாறாம் நாள் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். அத்தான் வழிச் சொந்தம் நிறைய வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான், அவரும் பந்தலுக்கு வெளியே மின்கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தார். கார்டில் பேர் இருந்த ஒருவர்கூட வரவில்லை. அக்காவை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். நான் பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கண் தெருமுனையிலேயே இருந்தது. ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் அவள் விரல்கள் என் கையை அழுத்தின.

அத்தானின் பெரியப்பாதான் காரியத்தை நடத்தினார். சடங்கெல்லாம் முடிந்ததும், "பொறந்த வீட்டுக் கோடி வரட்டும்" என்றார். யாரும் எழவில்லை. எல்லாருடைய கண்ணும் எங்கள் மேல் வந்தது.

"செத்த நேரம் பாப்போம் மாமா," என்றேன் நான். அவர் சரி என்று உட்கார்ந்தார். நல்ல மனுஷன். பக்கத்தில் பந்திக்கு இலை போட ஆரம்பித்தார்கள். எமகண்டம் வந்துவிடும் என்று பின்னாலிருந்து யாரோ ஞாபகப்படுத்தினார்கள். பெரியப்பா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து அக்காவுக்கு முன்னால் வந்து குனிந்து பேசினார்.

"ஏம்மா, எங்க வீட்டுச் சேல ஒண்ணு எடுத்துத்தான் வச்சிருக்கு. ஆனா பொறந்த வீடு இருக்கையில நாங்க அதப் போடப்படாது. யாராச்சும் வருவாகன்னா சொல்லு, எம்புட்டு நேரம்னாலும் உக்காந்திருப்போம். இல்லைன்னா, இல்லைன்னு உன் வாயால சொல்லிரு."

அக்கா மறுபடியும் தெருமுனையைப் பார்த்தாள். எனக்குத் தாங்கவில்லை. "நான் இருக்கேன் மாமா. நானும் அந்த வீட்ல பொறந்தவதான். குடுங்க, நான் போடுதேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. "நீ இருக்கம்மா, யாரு இல்லைன்னா? ஆனா நீ போடப்படாதுல்ல" என்றார்.

அக்கா தெருமுனையிலிருந்து கண்ணை எடுத்தாள். என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பந்தலில் கடைசியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி, அழாமல், நிறுத்திச் சொன்னாள்.

"இல்ல மாமா. எனக்குப் பொறந்த வீட்ல யாரும் இல்ல."